ஸஃப்பில் இல்லாதவளை எண்ண வேண்டாம்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

விடுதியில் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு உன்னைத் தொழவைக்கச் சொன்னார்கள், குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து ஓதும்போதே குரல் நடுங்கிவிட்டது என்றாய். நடுங்கினால் என்ன? பெண்கள் மட்டும் தொழும்போது தொழவைப்பவள் தனியாக முன்னால் போய் நிற்பதில்லை, ஸஃப்பின், அதாவது வரிசையின், நடுவிலேயே நிற்கிறாள். நபியின் மனைவியரான ஆயிஷா நாயகியும் உம்மு ஸலமா நாயகியும் (ரலி) அப்படி நின்று தொழவைத்ததாக அறிவிப்புகள் உண்டு. இரண்டு பக்கமும் தோழிகளின் தோள் இருக்கிறதே.

சின்ன சூராவாக, குட்டி அத்தியாயமாக ஓது. நபித்தோழர் முஆத் (ரலி) இஷா என்ற இரவுத் தொழுகையில் மிக நீளமான பகரா சூராவை ஓத, களைத்துப்போன ஒருவர் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது கண்டிப்பு முஆதுக்குத்தான் கிடைத்தது. அறையில் தொழாத தோழி தூங்கினால் குரலையும் தாழ்த்திக்கொள்.

ஹனஃபி வீட்டுப் பிள்ளை தனியாகத் தொழுகிறாள் என்று வருத்தப்பட்டாய். அவர்கள் மத்ஹபில், அதாவது சட்டப்பள்ளியில், பெண்கள் மட்டும் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுவது மக்ரூஹ், விரும்பத்தகாதது. ஜமாஅத்தாகத் தொழுதால் 27 மடங்கு நன்மை என்ற ஹதீஸை, நபிமொழியைச் சொல்லி அவளை இழுக்காதே.

ஆரம்பத்தில் ஸஜ்தாவில் நெற்றி வைக்கும்போது அழுகை வந்தது, இப்போது ஒன்றுமே தோன்றவில்லை என்றாயே, அந்த அழுகையில் பாதி வீட்டு ஏக்கம் என்றுதான் நினைக்கிறேன். இப்போது இடம் பழகிவிட்டது. சரி, அதற்காகத் தொழுகை குறைந்துபோனதாக நினைக்காதே.

எனக்கு உறுத்தியது, நீ போகிற போக்கில் சொன்ன இன்னொன்று. தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களில் எல்லோரும் ஸஃப்பில் நிற்க, நீ மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கிறது என்றாய். வீட்டில் இதை யாரும் கவனித்ததில்லை, அங்கே ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. புரிகிறது. அந்த நாட்களில் இறைவனை நினைத்து திக்ரு செய், அவர்கள் துஆ கேட்கும்போது கூடவே ஆமீன் சொல். ஆனால் அதே மூச்சில், ஒரு பெண் ரொம்ப நாளாக வருவதில்லை, நாங்கள் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம் என்றும் சிரித்தாய். அது வேண்டாம்மா. எல்லோருடைய உடம்பும் ஒன்றல்ல. மாதவிடாயின் அதிகபட்சக் கணக்கே ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபி மத்ஹபில் 15 நாள் என்று வேறுபடுகிறது. அவள் சோம்பலாகவே இருக்கட்டும், மனசு சரியில்லாமலும் இருக்கலாம். நாலு பேர் கண்ணுக்குப் பயந்து முஸல்லா விரிப்பில் வந்து நிற்கிறவளுக்கு, அப்புறம் அந்த இடமே கசந்துபோகும். எழுப்பச் சொல்லியிருந்தால் எழுப்பு. இல்லாவிட்டால் பகலில் அவளோடு உட்கார்ந்து பேசு, தொழுகையை இழுக்காமல்.

வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார்.

உம்மா