புல்லை எடைபோட்ட பிறகு மாட்டை எண்ணுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே உள்ள சிற்றூர் ஒன்றில் நான்கு நாட்டுப் பசுக்களை வைத்திருப்பவன் நான். எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம், ஏறத்தாழ 40 ஏக்கர். அதில் எத்தனை மாடுகள் மேயலாம் என்ற பேச்சு ஊர்க்கூட்டத்தில் எழும்போதெல்லாம் சண்டையில்தான் முடிகிறது. ஏனென்றால் யாரிடமும் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை ஊரார் தாங்களே போட்டுக்கொள்ள முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற புரட்டாசியில், மழைக்கு முன்பே, மேய்க்காலில் பத்து இடங்களில் முள்படல் போட்டு, மாடு வாய்வைக்காமல் காத்தோம். கண்மாய்க் கரையோரத்துச் செழிப்பான இடத்தோடு, செம்புறாங்கல் தலைகாட்டும் மொட்டைத் திட்டையையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டோம். தை பிறந்ததும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடித்து, உள்ளே இருந்த புல்லைக் கதிர் அரிவாளால் தரையை ஒட்டி அறுத்து, மாடு தின்னாத கொழிஞ்சியையும் ஆவாரையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தனித்தனிச் சாக்கில் பரப்பி மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்தோம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்தபோது கரையோரப் புல் 190 கிராம் இருந்தது. திட்டையில் அறுத்தது 15 கிராம்கூட இல்லை. பத்துக்கும் சராசரி 80 கிராம்.

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்றால் ஏக்கருக்கு 4 கிலோ. ஆக, ஏக்கருக்கு 320 கிலோ, 40 ஏக்கருக்கு 12,800 கிலோ காய்ந்த புல். இதில் பாதியை மட்டுமே மாட்டுக்கு என்று கணக்கில் எடுக்க வேண்டும். இலையில் பாதிக்குமேல் திரும்பத் திரும்ப மேய்ந்துவிட்டால் புல்லின் வேர் வளர்வது நின்றுபோகும். அடுத்த மழைக்கு, மாடு விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் துளிர்க்க வலுவில்லாமல் பட்டுப்போக, மாடு தொடாத செடிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிற்கிற புல்தான் மழையின் அடியைத் தாங்கி நீரை மண்ணுக்குள் இறக்குகிறது. அது இல்லாத இடத்தில் செம்மண் கரைந்து கண்மாயில் போய்ப் படிகிறது. எங்கள் ஊரில் இவை இரண்டுமே நடந்துவிட்டன.

ஆக, மாட்டுக்குக் கிடைப்பது 6,400 கிலோ. 250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசு தன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்தீவனம் தின்னும். தை முதல் சித்திரை முடிய 120 நாளைக்கு ஒரு பசுவுக்கு 720 கிலோ வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒன்பது பசுக்களுக்குத்தான் அங்கே இரை இருக்கிறது. அன்றாடம் அங்கே போவதோ 46 மாடுகள்; அவற்றோடு ஆடுகள் வேறு. ஐந்தாறு ஆடுகள் ஒரு பசுவுக்குச் சமமாகத் தின்னும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளையை அவிழ்த்துவிட்டுப் பெருமைப்படும் நாம், அந்தக் காளையை ஈன்ற பசு எதை மேய்கிறது என்று பார்ப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

“அப்போ மாட்டை விக்கச் சொல்றியா?” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாடுகள் மேய்க்காலை மட்டுமே நம்பி இல்லை. அறுவடைத் தாளிலும் வற்றிய கண்மாயின் உள்வாயிலும் மேய்கின்றன, வீட்டில் வைக்கோலும் உண்டு. கட்டுக் கட்டாக லாரியில் வெளியூர் போகும் வைக்கோலில் ஒரு பகுதியை ஊருக்குள் நிறுத்திவைத்தால் மேய்க்காலின் பாரம் பெரிதும் குறையும். மேய்க்காலை நான்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை முதல் மழையிலிருந்து புல் விதை உதிரும்வரை அடைத்துவைக்கலாம். சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்த இடத்தில் அதே மழையில் கொழுக்கட்டைப் புல் விதையும் முயல்மசால் என்னும் தீவனச்செடியின் விதையும் தூவலாம். இவ்வளவு செய்தாலும் எண்ணிக்கை கொஞ்சம் குறையத்தான் வேண்டும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலி போட்டு, மாற்றி மாற்றி மேய்த்துக் கொழுக்கட்டைப் புல்லைத் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். அவை அவரவர் சொந்த நிலம். மேய்க்கால் பொது நிலம் என்பதால், ஊர்த் தீர்மானம் இல்லாமல் ஒருவர் மட்டும் எதையும் அடைக்க முடியாது.

அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பும், ஜனவரி 26 கிராம சபை புல் முற்றிய பிறகும் வருகின்றன. முதல் கூட்டத்தில் எந்தப் பகுதியை அடைப்பது, படல்களை எங்கே வைப்பது என்று முடிவுசெய்து, இரண்டாவது கூட்டத்தில் நிறுத்த எடையை வாசித்து, அந்த ஆண்டுக்கான மாட்டு எண்ணிக்கையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் இதைக் கிராம சபைக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டும் என்றும், புல் அறுக்கும் நாளில் அந்தந்தப் பகுதிக் கால்நடை உதவி மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் புல் பத்துச் சாக்குகளிலும் அப்படியே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் மறுபடி நிறுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்