புரொபேட் இல்லாத உயிலும் கிரயப் பத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில உயில்களுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம் என்ற இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டது பற்றித் தங்கள் இதழில் வந்த குறிப்பு, சென்னையில் இனி உயில் சொத்தை வாங்க விற்கத் தடையேதும் இல்லை என்ற தொனியில் முடிந்திருந்தது. இதை நம்பி வடசென்னையில் கிரயம் எழுதுகிற வழக்கறிஞர்கள் வேலையைச் சுருக்கிக்கொண்டால் வாங்குபவர்தான் மாட்டுவார்.

213, 57 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், இந்து ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடு (வழக்கை அது நேரடியாக விசாரிக்கும் நகரப் பகுதி) எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பொறுத்த உயிலுக்கும் புரொபேட் வேண்டியிருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன் வீடுகள் இதில் நேரடியாக வந்தன. திருவொற்றியூர், மணலி வீடு வெளியே என்று நினைத்தவர்கள், உயில் வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விட்டதுண்டு. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு என்றுமே பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தோடு விலகியது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு நடைமுறை என்ற நிலைமை போனது நல்லதுதான்.

ஆனால் 213 தடுத்தது நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டுவதை மட்டுமே. உயில் செல்லுபடியாவதற்கான நிபந்தனை எதையும் அது விதிக்கவில்லை. அது போனதால் எதுவும் தளரவும் இல்லை. 63ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது. குறைந்தது இரண்டு சாட்சிகள். எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்கிறது 2023 பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 67ஆம் பிரிவு. முப்பது ஆண்டுப் பழைய ஆவணத்துக்கான அனுமானம் உயிலுக்கு உதவாது. உயிலைப் பதிவு செய்திருப்பதும் இந்த நிரூபணத்துக்கு மாற்றாகாது.

பழைய உயில்களில் திரும்பத் திரும்பக் காணும் கோளாறு ஒன்று: கடைசிப் பக்கத்தில் ஒரு சாட்சி, கீழே பத்திர எழுத்தர். எழுத்தர் ‘எழுதியது’ என்று போட்டிருந்தால் அவர் சாட்சி ஆகிவிட மாட்டார். சான்றொப்பமிடும் எண்ணத்தோடு கையெழுத்திட்டார் என்று தனியாகக் காட்ட வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்களா என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்தத் தகுதியில் கையெழுத்திட்டார்கள் என்று பாருங்கள். உயிரோடு இருக்கும் சாட்சியிடம் கிரயத்துக்கு முன்பே உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிடுங்கள். அது சாட்சியத்துக்கு மாற்றல்ல. நாளை அவர் பேச்சை மாற்றாமலிருக்கவும், எங்கே இருக்கிறார் என்று தெரியவும் பயன்படும்.

வில்லங்கச் சான்றில் உயில் வராது. அது பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில், வில்லங்கச் சான்று எடுப்பது 1ஆம் புத்தகத்திலிருந்து. எழுதியவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் நகல் கிடைக்கும். ஆனால் உயிலை எந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் ராயபுரத்தில் மட்டும் தேடிவிட்டுக் ‘கடைசி உயில் இதுவே’ என்று கருத்துரை எழுதக் கூடாது. பின்னால் எழுதிய பதிவில்லாத உயில் இதை ரத்து செய்திருக்கலாம்.

ஆகவே புரொபேட் இல்லாமல் வாங்கும்போது வாரிசுகளைச் சேர்ப்பதே முதல் பாதுகாப்பு. எல்லா இயற்கை வாரிசுகளும் (உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போகுமோ அவர்கள்) உயிலை ஏற்று ஒப்புதல் தரப்பினராகக் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தனியே பதிய வேண்டும். குடும்ப உறுப்பினர் வரையறைக்குள் வந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். வீட்டு விலையோடு பார்த்தால் அது செலவே அல்ல. இங்கேதான் வாரிசு சான்றிதழ் கவிழ்த்துவிடும். இறந்தவர் ஆண், அப்போது அவருடைய தாய் உயிரோடு இருந்தார் என்றால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகள் பெயர் மட்டும் இருக்கும் சான்றிதழை வைத்துக் கையெழுத்து வாங்கினால், தாய் இறந்த பிறகு அவர் பங்குக்கு அவருடைய மற்ற மகன்களும் மகள்களும் வந்து நிற்பார்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால் தாய் கையெழுத்து போதாது; இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவில் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் மேஜரான பிறகு மூன்று ஆண்டுக்குள் அவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

உயிலில் நிறைவேற்றுநர் (உயிலைச் செயல்படுத்த எழுதியவர் நியமித்தவர்) பெயர் இருந்தால் அவரையும் விடாதீர்கள். வாரிசுரிமைச் சட்டத்தின் 332ஆம் பிரிவுப்படி அவர் ஒப்புதல் தந்தால்தான் உயிலால் பெறுபவரின் உரிமை முழுமையாகும். புரொபேட் போன பரபரப்பில் எல்லோரும் மறந்துபோன பிரிவு இது. பத்திரத்தில் ‘உயில் சாசனப்படி கிடைத்து சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து வரும்’ என்று ஒரே வரியில் ஓட்டாமல், உயில் தேதி, எழுதிய ஊர், பதிவு எண், இறந்த தேதி, சாட்சிகள், நிறைவேற்றுநர் ஒப்புதல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமான இடங்கள் நம் பக்கம் நிறைய. அங்கே ‘வீடும் மனையும்’ என்று உயில் சொன்னாலும் மனை கைமாறாது.

பதிவுத்துறை பார்த்துக்கொள்ளும் என்பதும் வீண். பதிவு அதிகாரி உரிமைமூலத்தை ஆராய முடியாது என்று கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவிட்ட பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்றது. பொய் உயிலை வைத்துக் கிரயம் பதிவாகிவிட்டால் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம்.

2025 டிசம்பருக்கு முன்பு இறந்தவர்களின் உயில்களுக்கும் இந்த நீக்கம் பொருந்தும் என்பதே என் வாதம். 213 நடைமுறை சார்ந்த தடை மட்டுமே. ஆனால் அந்த வாதத்தின் சோதனைக்களமாக வாங்குபவரின் பணம் இருக்கக் கூடாது.

ஒரு வாரிசாவது கையெழுத்திட மறுத்தால் கிரயத்தை நிறுத்திவிட்டு புரொபேட் மனுப் போடச் சொல்லுங்கள். புரொபேட் வழங்குவது பற்றிய 222ஆம் பிரிவு போகவில்லை, விருப்பப்பட்டுக் கேட்கலாம். உரிமையை அறிவிக்கக் கோரும் விளம்பல் வழக்கின் தீர்ப்பு அதில் இருந்த தரப்பினரை மட்டும் கட்டும்; புரொபேட் எல்லோரையும் கட்டும். யாராவது ஆட்சேபித்துக் கேவியட் போட்டால் மனு (ஓ.பி.) உயில் வழக்காக (டி.ஓ.எஸ்.) மாறும், இழுக்கும். அதுவரை வாங்குபவர் காத்திருக்கத் தயார் என்றால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, முன்பணத்தைக் குறைவாக வைத்து, நிறைவேற்றும் காலத்தைப் புரொபேட் உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணும்படி எழுதுங்கள்.

வழக்கறிஞர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13