கூட வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

டோர்ட்முண்டில் என் தையல் கடை திறந்து ஒரு வருடம் நிறையப் போகிறது. அதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். ஏனென்றால் கல்யாணம் ஆகி, அவர் இருக்கும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்து, மொழி படித்து, 2025 மார்ச்சில் சொந்தமாக ஒரு சின்ன கடை போட்டது வரைக்கும் எதையுமே நான் தனியாகச் செய்யவில்லை. வழி சொன்னவர்கள் நிறைய பேர், அவர்களுக்கும் நன்றி. ஆனால் வழி சொன்னதோடு விடாமல் கூடவே வந்து, அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை வாங்கிப் படித்து, என் வேலை முடிந்த பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இது உங்களுக்கு. பெயர் போட்டால் உங்களில் பாதிப் பேருக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் போடவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெர்மன் சொல்லிக்கொடுத்த மிஸ், முதலில் நீங்கள்தான். என் கணவர் இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறார், மனைவிக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு தரும் புளூ கார்டு என்ற வேலை அனுமதி அவரிடம் இல்லை, அதனால் 2022-ல் மனைவி விசாவுக்கு நான் ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் தேர்வில் பாஸ் பண்ணியே ஆக வேண்டும் என்ற நிலை. 100-க்கு 60 வாங்கினால் போதும் என்று கேட்கும்போது சுலபமாகத்தான் தெரியும். எழுதுவதும் படிப்பதும் எனக்குப் பெரிய பயமில்லை, பேச்சுத் தேர்வுதான் வயிற்றைக் கலக்கியது. முன்பின் தெரியாதவர்களோடு வட்டமாக உட்கார வைத்து, ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அதில் இருக்கும் சொல்லை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வார்கள், அதற்கு முன்னால் நம் பெயரை ஜெர்மன் உச்சரிப்பில் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும், நம் பெயர்களோ நீளம். வகுப்பு முடிந்த பிறகும் ராத்திரி வாட்ஸப்பில் கூப்பிட்டு, என் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் என்று எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வைத்தீர்களே, அதற்கு நீங்கள் ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. இன்றைக்கும் போனில் யாராவது பெயர் கேட்டால் தடுமாறாமல் சொல்கிறேன் என்றால் அது அந்த ராத்திரிகளால்தான்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் அண்ணனுக்கு. நமக்கு இன்ஷியல்தான் பழக்கம். கல்யாணச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பள்ளிச் சான்றிதழில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். எங்கள் வீட்டில் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. நீங்கள்தான் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்து, "பாப்பா, இதை அங்கே மூணு ஆளா நினைச்சுக்குவான்" என்று சொல்லி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சான்றிதழில் பெயர்களை விரித்து எழுத என்னென்ன வேண்டுமோ அத்தனைக்கும் கூடவே அலைந்தீர்கள். சென்னை ஜெர்மன் துணைத் தூதரகத்தில் கொடுத்த காகிதம் ஒன்றுகூடப் பெயருக்காகத் திரும்பி வரவில்லை அண்ணே.

இங்கே வந்த பிறகும் அந்தப் பெயர் விவகாரம் விடவில்லை. ஜெர்மனியில் வீட்டுக்குக் கதவு எண் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே எந்த வீடு என்பதற்குக் கடிதப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கும் பெயர்தான் அடையாளம். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், ஒரே வீட்டில் ஒட்டே இல்லாத இரண்டு பெயர். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும், அதன் பிறகு வரி எண்ணிலிருந்து காப்பீட்டு அட்டை வரை எல்லாமே தபாலில்தான் வரும். பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்த அந்தச் சமயத்தில் கீழ் வீட்டு ஓமா, அதாவது பாட்டி, என்னைக் கூப்பிட்டு, என் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கி, பெரிய எழுத்தில் அழகாக எழுதித் தன் கையாலேயே பெட்டியிலும் மணியிலும் ஒட்டினார். அவர் என்ன சொன்னார் என்பது அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் இந்த ஊரில் நானும் இருக்கிறேன் என்று முதலில் எழுதி ஒட்டியவர் அவர். ஓமாவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. இதை அவருக்கு நானே உட்கார்ந்து ஜெர்மனில் படித்துக் காட்டுவேன்.

அக்கா, உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. என் கணவருக்கு நைட் ஷிப்ட், அலுவலகங்கள் திறப்பதோ காலையில், தூக்கமில்லாமல் வந்து நிற்பவரை எத்தனை தடவை இழுப்பது? கோயிலில் பார்த்துப் பேசிய அறிமுகம் மட்டும்தான் நமக்கு. ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் வாசலில் நான் எதற்கோ கலங்கிப் போய் நின்றபோது, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் கூட வாறன்" என்றீர்கள். சொன்னபடி வந்தீர்கள். இங்கே தங்கும் அனுமதி அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது வந்தீர்கள், வங்கிக் கணக்குக்கு வந்தீர்கள், பல் மருத்துவரிடம்கூட வந்தீர்கள். எண்பதுகளில் நீங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது கூட வர உங்களுக்கு ஒருவரும் இல்லை என்று பின்னால் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னீர்கள், அதைக் கேட்டு அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

அட்டை கையில் வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில எந்த வேலையும் செய்யலாம் எண்டு போட்டிருக்கு, சொந்தத் தொழிலும் செய்யலாம்" என்று எனக்குக் காட்டியதும் நீங்கள்தான். குடும்பத்தோடு சேர வந்தவர்களுக்கு இங்கே அந்த அனுமதி உண்டு என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வீட்டில் சும்மாதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிற பெண்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் கூடப் படித்த தோழிகளே, 600 பாட நேரம் மொழி, அதற்கு மேல் 100 பாட நேரம் இந்த நாட்டின் சட்டமும் வரலாறும், அத்தனையும் உங்களோடுதான் கழிந்தது. சிரியாவிலிருந்து வந்தவர், உக்ரைனிலிருந்து வந்தவர், கானாவிலிருந்து வந்தவர், நமக்குள் பொதுவாக இருந்தது தப்பும் தவறுமான ஜெர்மன் மட்டும்தான், அதிலேயே குழந்தை காய்ச்சல் முதல் மாமியார் வரை எல்லாம் பேசினோம். என் சுடிதாரை நானே தைத்தது என்று தெரிந்ததும் பேன்ட், திரைச்சீலை என்று கொண்டு வந்து நீட்டியதும் நீங்கள்தான், காசு வேண்டாம் என்றதற்குச் சண்டை போட்டீர்கள். கடை திறந்த நாளில் பூவோடு வந்தீர்கள், இன்றைக்கும் உங்கள் தெருவிலிருந்து ஆள் அனுப்புகிறீர்கள்.

அப்புறம் உஸ்தா. டோர்ட்முண்டின் நோர்ட்ஸ்டாட் பகுதியில் பல வருடமாகத் தையல் கடை நடத்திய துருக்கிக்காரர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த குரு. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். 2023-ல் மாதம் 520 யூரோ வரம்புள்ள மினிஜாப் என்ற சிறு வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஊரில் ஜாக்கெட், சுடிதார் தைத்த கை என்னுடையது, இங்கே வரும் வேலையோ முக்கால்வாசி சரிசெய்யும் வேலை: ஜீன்ஸ் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, குளிர் தொடங்கியதும் கோட்டு ஜிப் மாற்றுவது. அளவெல்லாம் சென்டிமீட்டரில். என் இஞ்ச் டேப்பைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

ஜீன்ஸ் கீழ் மடிப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றித் தைப்பது எப்படி என்று அவர் காட்டிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குறைக்க வேண்டிய நீளத்தை உள்பக்கமாக மடித்து, பழைய தையலை ஒட்டி ஊசி போக வேண்டும், அப்போதுதான் கம்பெனி போட்ட சாயம் மங்கிய ஓரம் அப்படியே வெளியே தெரியும், வெட்டித் தைத்த அடையாளமே இருக்காது. பக்கத் தையல் வரும் இடத்தில் துணி பல அடுக்காகித் தடிமனாக இருக்கும், அங்கேதான் ஊசி உடையும். உஸ்தா மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன சுத்தியலை எடுத்து, அந்த இடத்தை மட்டும் டொக் டொக்கென்று தட்டி நசுக்கினார், 100 நம்பர் ஊசியை மாட்டினார், பெடலை விட்டுவிட்டு அந்த நாலு தையலை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போட்டார். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. இதை அவர் எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம், நாளைக்கு அதே பகுதியில் கடை போடப் போகிறவள் நான் என்பது அவருக்கு அப்போதே தெரியும். ஓய்வு பெற்றபோது தன் தையல் மிஷினையும் ஓவர்லாக்கையும் எனக்கே கொடுத்து, பணத்தை முடிந்தபோது முடிந்ததைக் கொடு என்றார். அந்தச் சுத்தியலுக்கு மட்டும் காசே வாங்கவில்லை.

இந்த நாட்டில் சில தொழில்களுக்கு மைஸ்டர் என்ற உயர் தொழில்தேர்ச்சிப் பட்டம் இல்லாமல் கடை திறக்கவே முடியாது. தையலுக்கும் அப்படித்தான் என்று யாரோ சொல்லிக் கலங்கிப் போயிருந்தேன். டோர்ட்முண்ட் கைத்தொழில் சபையில் ஆலோசனை சொல்லும் அம்மையார் சட்டத்தின் பட்டியலைத் திறந்து, துணி சரிசெய்யும் தையல் தனிப் பிரிவில் இருக்கிறது, அதற்கு மைஸ்டர் தேவையில்லை, இங்கே பதிந்தால் போதும் என்று விரலை வைத்துக் காட்டினார். நான் மெதுவாகப் பேசுவதை அவசரப்படுத்தாமல் கேட்டார். காப்பீட்டைப் பற்றி அவராகவே எச்சரித்தார், அதுதான் பெரிய உதவி: சொந்தத் தொழிலே முழுநேரப் பிழைப்பு ஆகிவிட்டால் கணவரின் மருத்துவக் காப்பீட்டில் இலவசமாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாது, தனியாகக் கட்ட வேண்டும், குறைந்தபட்சமே மாதம் 200 யூரோவைத் தாண்டும். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் வாடகைக்கு இடம் பார்த்தோம். முன்கூட்டியே தெரிந்ததால் தப்பித்தோம், கடை போட நினைக்கிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிகளா, தேர்வு நேரத்திலும் வந்து அந்த மிஷினை மேசையோடு படியில் இறக்கி, டிராமில் ஏற்ற முடியாது என்றதும் வேன் பிடித்துக் கொண்டுவந்து வைத்தீர்கள், சுவருக்குப் பெயின்ட் அடித்தீர்கள். உங்களில் ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்ஸ்டர் என்ற வரி இணையதளத்தில் வரி அலுவலகத்துப் படிவத்தை எனக்கு வரிவரியாகப் புரிய வைத்தான். 2025-லிருந்து முந்தைய வருட வரவு 25,000 யூரோவைத் தாண்டாத சிறு தொழிலுக்கு விற்பனை வரி போட வேண்டாம் என்ற சலுகையை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவன்தான். தம்பி, தினமும் கல்லாவை எண்ணி எழுதி வைக்கச் சொன்னாய் இல்லையா, ஒரு நாளும் விடவில்லை.

அம்மா, அத்தை, நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒருவருக்கொருவர் பேசி எனக்குத் தெரியாமல் அனுப்பிய பணத்தில்தான் கடையின் முன்பணம் கட்டினோம். அத்தை, "மருமக கடை" என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களாம், கேட்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ஏங்க, உங்களுக்கு நன்றி சொன்னால் அந்நியமாக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும், சொல்கிறேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டுத்தான் தூங்கப் போகிறீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். புதன்கிழமை மத்தியானம் கடை கிடையாது. டோர்ட்முண்டிலோ பக்கத்து ஊர்களிலோ புதிதாக வந்திருக்கும் யாருக்காவது பதிவு அலுவலகத்துக்கோ மருத்துவரிடமோ பள்ளிக்கோ தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், புதன் மத்தியானத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி, முன்னைப் போல் அலைய முடியவில்லை. நான் வருகிறேன்.