குறிப்பு அட்டையில் எழுதித் தராத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனுபவமில்லாத ஒருவரை தேசியப் பதவிக்கு நிறுத்தப்போகிறார்கள் என்றாலே, "பயிற்சி கொடுத்துத் தேற்றிவிடுவார்கள்" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. தேற்றலாம்தான், ஆனால் எதைத் தேற்றுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

2008 அமெரிக்கத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா ஆளுநராகி இரண்டு வருடம்கூட ஆகாத சாரா பேலினை ஆகஸ்ட் 29 அன்று துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன். வாக்குப்பதிவு நவம்பர் 4. கையில் இருந்தது 67 நாள். அதற்குள் வெளியுறவு, ஈராக், பொருளாதாரம் என்று எல்லாவற்றையும் குறிப்பு அட்டைகளில் எழுதிக் கையில் திணித்தார்கள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி.

அப்புறம் சிபிஎஸ் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டி கூரிக், என்னென்ன பத்திரிகை படிப்பீர்கள் என்று கேட்டார். வழக்கமாகப் படிக்கிற பேப்பர் ஒன்றின் பெயரைச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. பேலினோ எல்லாமே படிப்பேன், முன்னால் வருகிற எதையும் படிப்பேன் என்கிறார். குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள் என்று கூரிக் விடாமல் கேட்டும் ஒரு பெயர்கூட வரவில்லை. அவர் பேப்பரே படிக்காதவர் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கேள்வியிலும் கண்ணி இருக்கும் என்று பயமுறுத்தி வைத்தால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

அதே பேலின் அக்டோபர் 2 அன்று எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடனோடு நடந்த விவாதத்தில் ஓரளவு சமாளித்தார். ஒத்திகையில் பைடனை 'ஓபைடன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம், அதனால்தான் மேடையில் கைகுலுக்கும்போதே "ஜோ என்று கூப்பிடலாமா?" என்று கேட்டு வைத்துக்கொண்டார். அப்படியும் நடுவில் ஒரு தடவை 'ஓபைடன்' வந்துவிட்டது, அது வேறு கதை.

பயிற்சிக்கு நேரமே கொடுக்காமல் மேடையேற்றுவது இதைவிட மோசம். 1992-இல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோவோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜேம்ஸ் ஸ்டாக்டேல் வியட்நாம் சிறையில் ஏழு வருடத்துக்கு மேல் சித்திரவதையைத் தாங்கிய கடற்படை அதிகாரி. விவாதத்தில் "நான் யார், இங்கே எதற்கு வந்தேன்?" என்று ஆரம்பித்தார், கூட்டம் சிரித்தது. பிறகு ஒரு கேள்விக்கு, காது கேட்கும் கருவியை ஆன் செய்யவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார். அந்த மனிதரைப் பலருக்கும் இன்று இந்த இரண்டு வரிகளால்தான் தெரியும். தப்பு அவருடையதா, நிறுத்தியவர்களுடையதா?

என்னைக் கேட்டால் முதல் வாரம் அட்டையே வேண்டாம். கட்சியில் சம்பளம் வாங்காத நாலு பேரை எதிரே உட்கார வைத்து, வாய்க்கு வந்ததைக் கேட்கச் சொல்லுங்கள். "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று வேட்பாளர் முகம் சுளிக்காமல் சொல்லப் பழகட்டும், அதற்கப்புறம் ஈராக்குக்கு வரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்