ஒன்பதாம் மணி: அடிஸ் அபாபாவிலிருந்து அம்மாவுக்கு

அடிஸ் அபாபா
19 ஏப்ரல் 2025, சனி சாயங்காலம்

சேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் நீ "சாப்பிட்டியா" என்று கேட்டதும் "ம்" என்று சொல்லிவிட்டேன். அது பொய் அம்மா, மன்னித்துவிடு. வியாழன் ராத்திரிக்கு அப்புறம் தண்ணீர் தவிர நான் எதுவும் எடுக்கவில்லை. பயப்படாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இன்று நடு ராத்திரி பூசை முடிந்ததும் சாப்பிட்டுவிடுவேன். போனில் சொன்னால் நீ பதறுவாய், என்னாலும் கோர்வையாகச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் நம் பாஸ்காவும் (ஈஸ்டர்) இங்குள்ள ஆர்த்தடாக்ஸ்காரர்களின் பாஸ்காவும் ஒரே நாளில், நாளைக்கு வருகின்றன. ஆனால் நமக்குச் சாம்பல் புதன் வருவதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே, பிப்ரவரி 24-லேயே இவர்கள் தபசு காலத்தை, அதாவது பாஸ்காவுக்கு முந்திய உபவாசத்தை, தொடங்கிவிட்டார்கள். ஹுதாதே என்று பெயர், மொத்தம் 55 நாள். இறைச்சி, முட்டை, பால், நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. காப்பி பிறந்த இந்த எத்தியோப்பியாவில் அந்த 55 நாளும் கடுங்காப்பிதான். போன வருஷம் புதிதாக வந்திருந்தபோது எனக்கு இதெல்லாம் தொந்தரவாகத்தான் தெரிந்தது. பக்கத்து இறைச்சிக்கடையைப் பூட்டிவிட்டார்கள், கேன்டீனில் ஒரு ஆம்லெட் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இது போக, பாஸ்காவுக்குப் பிந்திய 50 நாளை விட்டுவிட்டால் அநேகமாக வருஷம் முழுக்க புதனும் வெள்ளியும் உபவாசம். புதன் யூதாஸ் காட்டிக்கொடுக்கப் பேசிய நாள், வெள்ளி சிலுவையில் அறைந்த நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காரணம் சொல்கிறது.

நம் ஊரில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று ஆட்டிறைச்சியை விட்டுவிட்டு, நெத்திலியும் சாளையுமாக நன்றாகவே சாப்பிட்டேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு அது என்ன ஒறுத்தல்? நீ மட்டும் தபசு காலம் முழுக்க ஒருசந்தி இருப்பாய். மத்தியானம் ஒரு வேளை கஞ்சி, துவையல், அவ்வளவுதான். அப்பா கடலில் இருந்த நாட்களில் அதுவும் சில நேரம் கிடையாது. "கஞ்சியைக் குடிச்சா கர்த்தர் கோவிப்பாரா" என்று நான் ஒரு தடவை உன்னிடம் கத்தினேனே, அது இப்போதும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மணிக்கணக்கே வேறு அம்மா. விடியற்காலை ஆறு மணியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள், நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒன்று. அப்படிப் பார்த்தால் நம் பிற்பகல் மூன்று மணி இவர்களுக்கு ஒன்பது. பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது பழைய வேதாகமத்தில் ஒன்பதாம் மணி என்று வருமே, ஆண்டவர் சத்தமிட்டு உயிர்விட்ட அந்த நேரம்! நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், ஏதோ பழங்காலக் கணக்கு என்றுதான் நினைத்தேன். இங்கே வீட்டுக்கார அம்மாவின் சுவர்க்கடிகாரத்தில் அதே ஒன்பது நிற்கிறது. உபவாச நாளில் அதுவரை அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது.

ஒரு புதன்கிழமை காய்ச்சலில் வீட்டிலேயே இருந்தேன், அன்றுதான் அவரைக் கிட்டத்தில் பார்த்தேன். மத்தியான வேலை எல்லாம் முடித்துக் கையைக் கழுவிவிட்டு, நெத்தலா என்கிற வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்றார். தாவீதின் சங்கீதப் புத்தகம் கையில், ஓரமெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. நாளுக்கு இத்தனை சங்கீதம் என்று வாரத்துக்குள் முழுவதையும் முடிக்கிற வழக்கம். வாசித்துவிட்டு முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டு எழுந்தார், மறுபடி, மறுபடி. கடைசியில் பரலோக மந்திரம். பிறகு இஞ்சேராவை, அது நம் தோசையைப் புளிக்கவைத்துப் பெரிசாக வார்த்த மாதிரி இருக்கும், அதை இரண்டாக மடித்து, ஒரு பாதியில் கடலைமாவுக் குழம்பை ஊற்றி, முதலில் வாசலில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்புறம்தான் மிச்சப் பாதியில் தன் விரலை வைத்தார்.

அதைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அம்மா. நான் இதுவரை சாப்பாட்டை மட்டும்தான் விட்டிருக்கிறேன். விட்ட நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன், மிச்சமான காசு என் பையிலேயே கிடந்தது. செபமும் இல்லை, தர்மமும் இல்லை, வெறும் பட்டினி. ஏசாயா 58-ல் ஆண்டவர் கேட்கிறதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதைத்தானே.

இந்த வருஷத் தபசு காலத்தில் முதல் வாரம் தலைவலி, எரிச்சல், வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதற்கு, "வயிற்றை மட்டும் கட்டினாயா, நாக்கை எப்போது கட்டுவாய்" என்று கேட்டார். மூன்றாம் வாரத்துக்குமேல் பசி ஒரு மணியோசை மாதிரி ஆகிவிட்டது. வயிறு கூப்பிடும், உடனே செபம் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் அப்பாவுக்காக, அக்கா பிள்ளைக்காக, அப்புறம் நான் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்த ஒருவருக்காகவும் செபித்தேன். யாரென்று உனக்குத் தெரியும். போன ஞாயிறு அவருக்கு நானே போன் போட்டேன்.

நேற்று பெரிய வெள்ளிக்குக் கோயில் முற்றத்தில் வெயிலில் பகல் முழுக்க நின்றோம். "எக்ஸியோ மெஹரெனே கிறிஸ்தோஸ்", ஆண்டவரே எங்கள்மேல் இரங்கும் என்று பாடிப்பாடி நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகத் தரையில் விழுந்து எழுகிறார்கள். முடிவில் குருவானவர் ஒலிவக் கிளையால் முதுகில் தட்டி, உனக்கு இத்தனை கும்பிடு என்று சொல்வார். இன்று காலை பச்சை நாணல் கொடுத்தார்கள், எல்லாரும் தலையில் கட்டிக்கொள்கிறோம். நோவாவுக்குப் புறா கொண்டுவந்த நற்செய்தியின் அடையாளமாம்.

இனி உன்னைப் பற்றி. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கவே கூடாது. நம் திருச்சபைச் சட்டமே ஒருசந்தியை 18 வயதிலிருந்து 59 வயதுவரைதான் கேட்கிறது, உனக்கு 67. இங்கேயும் நோயாளிகளை உபவாசம் இருக்கச் சொல்வதில்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆன்ம தந்தை என்று ஒரு குருவானவர் உண்டு, அவர் பார்த்து விலக்குக் கொடுத்துவிடுவார். நீ வேளைக்குச் சாப்பிடு. உனக்காக அந்தப் பட்டினியை நான் இருக்கிறேன், எனக்காகச் செபத்தை நீ வைத்துக்கொள். இங்கே நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி என்றால் உனக்குச் சாயங்காலம் ஐந்தரை. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குச் செபமாலையை எடு, நானும் இங்கே எடுக்கிறேன். நீ மிச்சம்பிடிக்கிற காசோடு என் பங்கையும் சேர்த்துக் கோயில் வாசலில் கொடுத்துவிடு, மாதம் பிறந்ததும் அனுப்புகிறேன்.

வீட்டுக்கார அம்மா கூப்பிடுகிறார். கோயிலுக்குக் கிளம்ப வேண்டும், திரும்பிவர நம் கணக்கில் அதிகாலை மூன்று மணி ஆகும். காய்ந்த வயிற்றுக்கு முதலில் ஆளிவிதைக் கரைசல், அப்புறம்தான் கோழிக்குழம்பு என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். அக்காவிடம் சொல், நாணல் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்.

உன் அன்பு மகன்