மிச்சக் குப்பைக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தாருக்கு,

வணக்கம். நான் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவள். மாடியில் துணி காயப்போடும் முன் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்பது எங்கள் தெருப் பழக்கம். மேட்டுப் பக்கமிருந்து அடித்தால் கொடியை வீட்டுக்குள்ளேயே கட்டிவிடுவோம். லாரி திரும்பும் முனையில் ஒழுகிய கறுப்புத் தண்ணீர் தார்மேல் காய்ந்து கிடக்கும்; ஒரு தூறல் போட்டால் போதும், மறுபடி நாறும்.

உங்கள் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் சாலைக்கும் ரயிலுக்கும் இடம் குறிப்பதுபோல, மிஞ்சும் குப்பைக்கும் இப்போதே இடம் குறியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நகரில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கியவை கொடுங்கையூரும் பெருங்குடியும்தான். பெருங்குடியில் கொட்டியது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறிய 2022-இல்தான் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. இப்போது இரண்டு இடத்திலும் பயோமைனிங் நடக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் மேடு கரைந்ததும், 'அதான் இடம் காலியா இருக்கே' என்று மறுபடி கொட்டிவிடுவார்களோ என்பதுதான் எங்கள் பயம்.

என்னதான் தரம் பிரித்து உரமாக்கினாலும் டயப்பர், உடைந்த ஓடு, தெருவில் பெருக்கிய மண் என்று மிச்சம் இருக்கும். எரித்தாலும் சாம்பல் வரும். 2016 திடக்கழிவு விதிகள், இப்படிப்பட்ட மிச்சத்துக்கு மட்டும், 20 முதல் 25 ஆண்டுகள் தாங்கும் கிடங்கு கேட்டன. குடியிருப்பிலிருந்தும் குளத்திலிருந்தும் 200 மீட்டர் தள்ளி, அடியில் கசிவு இறங்காத விரிப்போடு. அவ்வளவு இடத்தை நெருக்கடி வந்த பிறகு தேடினால் ஏரிக்கரையோ ஏழைகளின் தெருவோதான் கண்ணில் படும்.

ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சிகளாகிவிட்டன. ஆளுக்கொரு மேடு எழுப்பாமல் எல்லாருக்கும் பொதுவாக இடம் பார்க்க உங்களால்தான் முடியும். 2022-இல் உங்கள் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்ததே! மனைப் பிரிவுக்கு அனுமதி தருவதும் நீங்கள்தான். கிடங்கைச் சுற்றி வீடு வரக்கூடாத வளையத்தை முதலில் வரையுங்கள். அப்புறம் மனைகளுக்கு ஒப்புதல் கொடுங்கள். எங்கள் பாரத்தை இறக்கி ஏதோ ஒரு கிராமத்தின் தலையில் வைக்கச் சொல்லவில்லை. அந்த ஊர் கிராமசபையில் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள்.

இதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை எங்கள் பகுதியிலும் வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் நல்லது. பகலில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போயிருப்போம்.

இப்படிக்கு,
கொடுங்கையூர்வாசி ஒருத்தி