ஆய்வுச் செலவை வெட்டும் முன்

ஆசிரியருக்கு,

மின்னணு நிறுவனங்கள் துணைப் பிரிவுகளை விற்பதையும் ஆய்வுச் செலவைக் குறைப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பாராட்டுவது சரியல்ல. லாபம் தராத பிரிவை விற்கலாம், சரி. ஆனால் நாளைக்கு எது கைகொடுக்கும் என்று இந்த ஆண்டின் கணக்குப் புத்தகம் சொல்லாது. நெதர்லாந்தின் மின்னணு நிறுவனமான பிலிப்ஸைப் பாருங்கள். அதன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிப் அச்சிடும் இயந்திரத் திட்டம் 1984-ல், சிப் தயாரிப்புக் கருவிகள் செய்யும் ஏஎஸ்எம் இன்டர்நேஷனலுடன் கூட்டு நிறுவனமாக வெளியே போனது. அதுதான் ஏஎஸ்எம்எல். அதிநவீன சிப்களுக்குத் தேவைப்படும் ஈயுவி (அதி தீவிரப் புற ஊதா ஒளியால் அச்சிடும்) இயந்திரங்களை இன்று உலகிலேயே அது மட்டும்தான் விற்கிறது. பிலிப்ஸோ தன் பங்குகளை எப்போதோ விற்றுவிட்டது. 2006-ல் சிப் தயாரிக்கும் குறைக்கடத்திப் பிரிவின் பெரும்பங்கையும் விற்றுவிட்டது. ஆய்வுப் பணத்தில் எவ்வளவு அடுத்த மாடலுக்கு, எவ்வளவு பத்தாண்டு தாண்டிய வேலைக்கு என்று ஆண்டறிக்கையில் தனித்தனியாகக் காட்டும்படி பங்குதாரர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்